பிழைப்பவர் யார்? — மருத்துவ அறமும் பல்துறை அறிஞரும்

ஒரு நோய்க்கு எந்த மருந்து தகும் என்பது மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினா. மருந்து ஒருவருக்கு மட்டுமே போதும், நோயாளரோ பத்துப் பேர் என்னும்போது, அதனை யாருக்குக் கொடுப்பது என்பது யாரிடம் கேட்கவேண்டிய வினா? முன்னதைப் போலவே பின்னதும் மருத்துவமனைக்குள்ளேதான் எழுகின்றது. ஆயினும் மருத்துவ நூல் எதனைப் புரட்டினும் அதற்கு விடை கிடைப்பதில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என நான்கு கூறாக வகுத்திருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். அந்நான்கில் மருந்து மட்டும் போதாமற் போனபோது, ஐந்தாவதாக ஒரு தீர்ப்பாளரைத் தேடவேண்டிய நெருக்கடி அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் 1961-ஆம் ஆண்டளவில் உண்டாயிற்று.

மருத்துவர், சட்ட வல்லுநர், மெய்யியலார், சமய அறிஞர், சமூகப் பணியாளர் முதலியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து மருத்துவ அறம் பேசுவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூர் அரசாங்கமும் உயிரியல் ஆராய்ச்சி பற்றிய அறநெறி ஆலோசனைக் குழு ஒன்றை 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுவியது. இவ்வழக்கம் எப்படித் தோன்றியது, தோன்றும்போது எங்கெங்கே இடறிற்று என்பதை அறிய விரும்புவோர் சியாட்டில் கதையிலிருந்து தொடங்குவதே நேரிய வழி.

குழாயும் உயிரும்

சிறுநீரகங்கள் குருதியில் சேரும் கழிவை ஓயாது வடிகட்டிச் சிறுநீராய் வெளியேற்றுகின்றன. இரண்டும் அடியோடு பழுதுபட்டால் கழிவு குருதியிலேயே தேங்கும். சில நாளிலோ சில வாரத்திலோ மரணம் நேரும். 1943-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர், செல்லோஃபேன் குழலை ஓர் உருளையில் சுற்றி, அதனுள் நோயாளியின் குருதியை ஓடவிட்டு, வெளியேயுள்ள நீரில் கழிவைக் கரையச் செய்யும் பொறியை அமைத்தார். 1945-இல் அப்பொறியால் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார்.

ஆனால் அதற்கொரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் புதிதாக வெட்டித் திறக்கவேண்டும். சில முறைக்குப்பின் வெட்டுவதற்கு நல்ல நாளமே எஞ்சாது. ஆகவே, நஞ்சாலோ விபத்தாலோ சிறுநீரகம் சில நாள் மயங்கிப் பின் தானே தேறக்கூடியவர்க்கே அப்பொறி பயன்பட்டது. சிறுநீரகம் நிலையாகக் கெட்டவரைச் சில நாள் காப்பாற்றிப் பின் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அத்தகைய நோயாளி ஒருவரை இழந்த சியாட்டில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், ஒருநாள் நள்ளிரவில் விழித்துக்கொண்டபோது தீர்வு தோன்றியதாகப் பிற்காலத்தில் கூறினார். கையிலுள்ள ஒரு தமனியையும் ஒரு சிரையையும் வளைந்த குழாய் ஒன்றால் இணைத்து அப்படியே விட்டுவிடுவது. சிகிச்சை வேண்டும்போது குழாயைப் பிரித்துப் பொறியில் மாட்டுவது. முடிந்ததும் மீண்டும் இணைப்பது. அவ்வளவுதான். அப்போது புதிதாக வந்திருந்த டெஃப்லான் என்னும் பொருளில் குருதி எளிதில் ஒட்டாது. குழாயை வளைத்து உருவாக்கியவர் வெய்ன் குவின்டன் என்னும் பொறியியலார்; நாளத்தில் பொருத்தியவர் டேவிட் டில்லர்ட் என்னும் அறுவை மருத்துவர்.

1960-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் அக்குழாய் பொருத்தப்பட்டது. அவர் போயிங் விமானத் தொழிற்சாலையில் இயந்திரப் பணியாளர், வயது 39. சாவின் வாயிலில் கிடந்தவர் மேலும் பதினோராண்டு வாழ்ந்து 1971-இல் இதய நோயால் காலமானார். கொல்லும் நோய் ஒன்று, வாரந்தோறும் சிகிச்சை பெற்று வாழக்கூடிய நோயாக மாறிற்று. தொல்லையும் அங்கேதான் பிறந்தது. ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவர் வாழும் நாள் முழுதும் அவருக்கு ஒரு கட்டிலும் பொறியும் செவிலியும் வேண்டும். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் செலவாயிற்று. அது அன்று ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்திலும் மிகுதி. கட்டில்களோ மூன்று. வாயிலில் நின்றவரோ பலர்.

எழுவர்

1962 ஜனவரியில் ஸ்வீடிஷ் மருத்துவமனையைச் சார்ந்த செவிலியர் விடுதியின் கீழ்த்தளத்தில் சியாட்டில் செயற்கைச் சிறுநீரக நிலையம் திறக்கப்பட்டது. ஸ்கிரிப்னரும் உடன் பணியாற்றிய மருத்துவரும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தாமே சுமக்க விரும்பவில்லை. பொது மக்கள் பணத்தால் நடக்கும் செயலைப் பொது மக்களின் பிரதிநிதிகளே முடிவு செய்யட்டும் என்று வட்டார மருத்துவர் சங்கத்தை அணுகினர். சங்கம் இரண்டு வாயில்களை அமைத்தது. முதல் வாயிலில் மருத்துவர் குழு: உடல்நிலை இச்சிகிச்சைக்கு ஏற்றதா என்று மட்டும் பார்க்கும். குழந்தைகளும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தோரும் அங்கேயே நிறுத்தப்பட்டனர். இரண்டாம் வாயிலில் எழுவர்: ஒரு வழக்கறிஞர், ஒரு கிறிஸ்துவப் போதகர், ஒரு பாங்கு அதிகாரி, ஓர் இல்லத்தரசி, ஓர் அரசாங்க அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். ஊதியம் கிடையாது, பெயர் வெளியிடப்படாது. எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது என்று அவர்கட்கு யாரும் எழுதிக் கொடுக்கவுமில்லை. அவரவர் மனச்சாட்சியே அளவுகோல்.

ஒரே ஓர் உபகாரச் சம்பளத்துக்கு இரு பிள்ளைகளுள் ஒருவரின் பெயரை எழுதி அனுப்ப நேர்ந்த தலைமையாசிரியர் எவரும் அவ்வெழுவரின் நிலையைச் சற்றேனும் உணரக்கூடும். பெயர் எழுதப்படாத பிள்ளைக்கு மறுவாண்டு உண்டு. சியாட்டிலில் மறுவாண்டு இல்லை.

எதனைப் பார்த்தனர்? வயது, ஆணா பெண்ணா, மணமானவரா, அவரை நம்பியுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், வருமானம், சொத்து, மனத்திடம், கல்வி, தொழில், இதுவரை செய்த பணி, இனிச் செய்யக்கூடிய பணி. கோயிலுக்குச் செல்பவரா, ஊர்ப் பணியில் ஈடுபடுபவரா என்பதும் பேச்சில் அடிபட்டது. இறந்தால் அவர் மனைவிக்கு மறுமணம் வாய்க்குமா என்பதும் ஆராயப்பட்டது. சொத்துள்ளவர் இறந்தால் குடும்பம் வாடாது. அதனால் சிக்கனமாய்ச் சேர்த்து வைத்தவர்க்கு அதுவே கேடாக முடிகிறதே என்று குழுவினரே மயங்கியதும் உண்டு. ஷானா அலெக்ஸாண்டர் என்னும் பெண் எழுத்தாளர் இவற்றையெல்லாம் 'லைஃப்' பத்திரிகையின் 1962 நவம்பர் 9-ஆம் நாள் இதழில் வெளியிட்டபோது அமெரிக்கா திடுக்கிட்டது. படத்தில் எழுவரும் முகம் தெரியாத நிழலுருவங்களாகவே காட்சியளித்தனர்.

அவ்வெழுவரைக் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. பணமுள்ளவரே பிழைப்பர் என்னும் நிலையைத் தடுக்கவே அவர்கள் அமர்த்தப்பட்டனர். இரக்கமின்றி அவர்கள் முடிவு செய்யவுமில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. ஏழு தொழிலைச் சேர்ந்தவர் ஒன்றுகூடினரே யன்றி, ஏழு துறையின் அறிவு ஒன்றுகூடவில்லை. வழக்கறிஞர் அமர்ந்திருந்தார், 'தேர்வு பெறாதவர்க்குக் காரணம் கூறவேண்டாவா? மேல்முறையீடு உண்டா?' என்று சட்டம் கேட்கும் வினா அந்த அறையில் ஆட்சி செய்யவில்லை. போதகர் அமர்ந்திருந்தார்; 'கோயிலுக்குச் செல்லாதவன் உயிர் எடை குறைந்ததா?' என்று சமயமே கேட்டிருக்கக்கூடிய வினா முன் நிற்கவில்லை. எழுவரும் தத்தம் துறையைத் தலைவாயிலில் விட்டுவிட்டு, மதிப்புள்ள குடிமக்களாக மட்டுமே உள்ளே சென்று அமர்ந்தனர் எனலாம். மதிப்புள்ள குடிமக்கள், தம்மைப்போன்ற மதிப்புள்ள குடிமக்களையே பிழைக்கவைத்தனர்.

மறுப்புரைகள்

இக்குற்றச்சாட்டை முதலில் கூர்மையாக எடுத்துரைத்தது ஒரு கூட்டு முயற்சியே என்பது வியப்பு. டேவிட் சாண்டர்ஸ் மனநோய் மருத்துவர். ஜெஸ்ஸி டூகெமினியர் சட்டப் பேராசிரியர். இருவரும் சேர்ந்து 1968-இல் ஒரு சட்ட ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், நடுத்தர வகுப்பாரின் விருப்பு வெறுப்பே உயிருக்கு அளவுகோலாகிவிட்டது என்று காட்டினர். ஹென்றி டேவிட் தோரோவைப் போல ஊரோடு ஒட்டாத அறிஞர் ஒருவர்க்குச் சிறுநீரகம் கெட்டால் அந்த வட்டாரத்தில் அவருக்குப் போக்கிடம் இராது என்று எள்ளவும் செய்தனர். தோரோ என்பவர் அநீதியான அரசுக்கு வரி கொடேன் என்று சிறை சென்றவர். காந்தியடிகள் விரும்பிப் படித்த எழுத்தாளர். மணமாகாதவர், நிலையான உத்தியோகம் பாராதவர், கோயிலை விட்டு விலகியவர். எழுவர் முன் அவர் விண்ணப்பம் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்து மெய்யியலாரும் சமயவியலாரும் வந்தனர். நிக்கலஸ் ரெஷர் என்னும் மெய்யியலார் 1969-இல் எழுதிய கட்டுரையில், குடும்பப் பொறுப்பு, செய்த தொண்டு, செய்யவிருக்கும் தொண்டு ஆகியவற்றைக் கணக்கிடுவது தவறன்று. ஆயின் அவற்றை வெளிப்படையான முறையில் கணக்கிட்டு, ஏறத்தாழச் சமநிலையில் நிற்பவருள் சீட்டுக் குலுக்கித் தேர்க என்றார். சமய அறவியல் அறிஞரான ஜேம்ஸ் சில்ட்ரெஸ் 1970-இல் இதற்கு மாறாக வாதிட்டார். உடல்நிலையால் தகுதியானவர் யார் என்று மருத்துவர் கூறியபின், எஞ்சிய தேர்வு முழுதும் சீட்டாலோ வந்த வரிசையாலோ நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. சீட்டில் பெயர் விழாதவர் தமக்கு வாய்க்கவில்லை என்று எண்ணுவர். எழுவரால் தள்ளப்பட்டவரோ தாம் வாழத் தகாதவர் என்று உலகமே தீர்ப்பளித்துவிட்டதாக எண்ணி மாள்வர். இரண்டு மரணமும் ஒன்றல்ல என்பதே அவர் வாதத்தின் உயிர்நாடி.

சீட்டுக் குலுக்குவது அறிவைத் துறப்பதாகாதா என்று படித்தவர் பலர் முகம் சுளிப்பர். இங்கே அறிவு எதனை அளக்கமுடியாது என்று அறிவதும் அறிவே. ஆறு பிள்ளைகளின் தாயையும் மணமாகாத ஓவியரையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதற்குப் படிக்கல் யாரிடம் உள்ளது? ரெஷரின் முறை நாட்டுக்குப் பயன் தருவதுபோல் தோன்றினும், கணக்கிடுபவரின் கண்ணோட்டம் அதில் புகாமலிருக்க வழியில்லை. சில்ட்ரெஸின் பக்கமே வலுவானது என்று கூறத் தோன்றுகின்றது.

நிற்க. இவ்விருவரும் பற்றாக்குறையை மாற்ற முடியாததாக வைத்துக்கொண்டே வாதிட்டனர். அவ்வெல்லையைத் தாண்டியவர், அறநூல் எதுவும் எழுதாத ஒரு பொறியியலார். 1964-இல் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, வயது வரம்புக்கு உட்படாமையால் நிலையத்தில் ஏற்கப்படவில்லை. அவள் தந்தையின் நண்பரான ஆல்பர்ட் பாப் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் பேராசிரியர். அவரும் துணைவரும் ஏறத்தாழ நான்கே மாதத்தில், வீட்டில் வைத்துப் பெற்றோரே இயக்கக்கூடிய சிறு பொறி ஒன்றைச் செய்து முடித்தனர். மாணவி வீட்டிலேயே சிகிச்சை பெற்றாள். நிலையத்துக்கு வெளியே சிகிச்சை நடக்கக்கூடும் என்றானபின், 'மூன்று கட்டில், யாருக்கு?' என்னும் வினாவின் கூர்மை மழுங்கத் தொடங்கிற்று. அறம் பேசும் மேசையில் பொறியியலாருக்கு என்ன வேலை என்று கேட்போர்க்கு இம்மாணவியின் கதையே விடை.

எஞ்சிய கூர்மையைச் சட்டமன்றம் மழுக்கியது. அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிய சட்டத்தில் அதிபர் நிக்சன் 1972 அக்டோபர் 30-ஆம் நாள் கையொப்பமிட்டார். 1973 ஜூலை முதல், நிலையாகச் சிறுநீரகம் கெட்டவருள் மிகப் பெரும்பாலோர்க்கு, வயது பாராது, சிகிச்சைச் செலவை அரசாங்கக் காப்புறுதி ஏற்றது. எழுவர் குழுவுக்கு வேலையில்லாமற் போயிற்று. இன்று அந்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சையால் வாழ்கின்றனர். அப்படியானால் வினா தீர்ந்ததா? தீரவில்லை என்கின்றனர் பொருளியலார். சிறுநீரகத்துக்கு வழங்கிய சலுகை மற்ற கொடிய நோய்கட்கு ஏன் வழங்கப்படவில்லை என்பது அவர்கள் வினா. இயந்திரத்தில் கட்டுண்ட ஒருவரின் கண்ணீர் கண்முன் தெரியும். தடுப்பு மருந்து கிட்டாமல் எங்கோ இறக்கும் குழந்தை சட்டமன்றத்தின் கண்ணில் படுவதில்லை. இவ்வினாவை வன்னெஞ்சர் வினா என்று ஒதுக்குவது பிழை.

ஆய்வுக்கூடத்து அறம்

பற்றாக்குறை ஒரு வாயில் என்றால், பல துறையாரை மருத்துவத்துக்குள் அழைத்துவந்த மற்றொரு வாயில் ஆராய்ச்சி. ஒரு மருத்துவர் தாமே முடிவு செய்து மனிதர்மேல் சோதனை நடத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதற்கு நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு அடைத்து மக்கள் மாண்டனர். தீட்டிய சயாம் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் கொத்துக் கொத்தாக இறக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், குற்றம் அரிசியிலேயே உள்ளது என்று வாதிட்டார். தொற்றுநோய் என்று நம்பிய மருத்துவர் அன்று பலர். 1905 டிசம்பரில் டாக்டர் வில்லியம் ஃபிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளரை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்ணினரை மறுபக்கமும் பிரித்து, ஒரு சாரார்க்குச் சயாம் அரிசியும் மறு சாரார்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்தார். ஓராண்டு நடந்த அச்சோதனையில் சயாம் அரிசி உண்டவருள் பதினெண்மர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லைப் புழுக்கும்போது உமியடித் தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் ஊறிவிடுகின்றது; அதுவே இன்று வைட்டமின் பி1 எனப்படுகின்றது.

உலகுக்குப் பயன்பட்ட உண்மைதான். எத்தனையோ உயிரைப் பின்னாளில் காத்த உண்மை. அச்சோதனைக்கு முன்னரும் அம்மருத்துவமனையில் பெரிபெரி பரவியே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆயினும் மனம் கலங்கியவர்கள், சம்மதம் கூறும் நிலையில் இல்லாதவர்கள், ஒற்றை இரட்டையாய்ப் பிரிந்து நின்ற காட்சி நெஞ்சை உறுத்துகின்றது. அவர்கள் சார்பில் 'எத்தனை பேர் மாண்டால் சோதனையை நிறுத்துவீர்?' என்று கேட்க ஒருவர் வேண்டும் என்னும் எண்ணமே அக்காலத்தில் இல்லை.

அந்த எண்ணம் சட்டமாகப் பல்லாண்டு சென்றது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீஜி வட்டாரத்தில், மேகநோயுற்ற ஏறத்தாழ நானூறு கறுப்பின ஆடவர்க்கு முறையான சிகிச்சை அளிக்காமல், நோய் எப்படி முற்றுகின்றது என்று 1932 முதல் அரசாங்க மருத்துவரே கவனித்து வந்தனர். பெனிசிலின் வந்தபின்னும் அதனைக் கொடுக்கவில்லை. 1972-இல் பத்திரிகைகள் இதனை வெளிப்படுத்தவே, நாடு கொதித்தது. 1974-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பதினொருவர் கொண்ட தேசியக் குழு ஒன்று அமைந்தது. ஆராய்ச்சியாளர் ஐவருக்கு மேல் அதில் இருத்தலாகாது என்று சட்டமே வரையறுத்தது. சியாட்டில் எழுவரிலிருந்து பன்னிரண்டு ஆண்டில் நேர்ந்த முன்னேற்றம் இவ்வொரு விதியில் தெரிகின்றது: துறையாரே துறையை நடுவாக நின்று பார்க்க இயலாது என்பதை நாடு ஒப்புக்கொண்டது. சட்டம் பயின்றவரும் சமய அறவியலாரும், கறுப்பின மகளிர் இயக்கத் தலைவி டாரதி ஹைட்டும் அதில் அமர்ந்தனர்.

அக்குழுவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. உறுப்பினரான ஆல்பர்ட் ஜான்சனும், குழுவுக்குத் துணைநின்ற மெய்யியலார் ஸ்டீஃபன் டூல்மினும் பின்னர் இதனை எழுதியுள்ளனர். குழந்தைகள்மேல் இன்ன சோதனை செய்யலாமா, சிறைக் கைதிகள்மேல் செய்யலாமா என்று தனித்தனியே வினா வந்தபோது, உறுப்பினர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தனர். ஏன் அம்முடிவு என்று கேட்டபோதோ ஆளுக்கொரு காரணம் கூறினர். பொதுக் கொள்கையை முதலில் ஒப்புக்கொண்டு அதிலிருந்து முடிவுக்கு இறங்குவர் என்றே மெய்யியல் வகுப்பறையில் கற்பிப்பர். அங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். குழு 1979-இல் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கையில் மூன்று கொள்கைகளை வகுத்தது: மனிதரை மனிதராக மதித்தல், நன்மை செய்து தீங்கு தவிர்த்தல், சுமையையும் பயனையும் நீதியாகப் பங்கிடல். இம்மூன்றும் அந்த நீண்ட வாதங்களின் வேராக அமைந்தவை என்பதைவிட, அவற்றின் கனி என்பதே பொருந்தும்.

யாருடைய வினா?

பல துறையார் கூடினாலே நன்மை விளையும் என்பதற்கில்லை. 1975 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேரன் குவின்லன் என்னும் இருபத்தொரு வயது மங்கை நினைவிழந்தாள். மீளமாட்டாள் என்றறிந்த பெற்றோர், தம் பங்குக் குருவைக் கலந்துகொண்டு, சுவாசப் பொறியை அகற்றுமாறு வேண்டினர். மருத்துவர் மறுத்தனர். வழக்கை விசாரித்த மாநில உச்ச நீதிமன்றம் 1976 மார்ச்சு 31-ஆம் நாள் தீர்ப்பளித்தது: நினைவு மீள வாய்ப்பில்லை என்று மருத்துவர் கூறி, மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் அதனை ஒப்பினால், பொறியை அகற்றலாம். மருத்துவர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், சமய அறிஞர் கொண்ட குழுக்களைப் பரிந்துரைத்த ஒரு குழந்தை மருத்துவரின் கட்டுரையை நீதிமன்றம் ஆதாரமாகக் கொண்டது. பொறி அகற்றப்பட்டபின் அம்மங்கை தானே மூச்சுவிட்டு 1985 வரை உயிருடன் கிடந்தாள்.

இத்தீர்ப்பில் ஒரு முரண் உண்டு. நினைவு மீளுமா என்பது முழுக்க மருத்துவ வினா. அதனைப் போய்ச் சமய அறிஞரும் வழக்கறிஞரும் அமர்ந்த குழுவிடம் ஒப்படைத்தது நீதிமன்றம். சியாட்டிலில் அற வினாவுக்கு அறத்துறை அறிவின்றி விடை தேடினர். நியூ ஜெர்சியில் மருத்துவ வினாவை அறக்குழுவிடம் தள்ளினர். ஒரு மேசையில் எத்தனை துறையார் அமர்ந்தாலும், எவ்வினா எவருடையது என்று முதலில் பிரித்தறியாவிட்டால் குழப்பமே மிஞ்சும். சொற்களும் இடறும். 'இனிச் சிகிச்சையால் பயனில்லை' என்று மருத்துவர் கூறும்போது, உடல் தேறாது என்று பொருள்படுத்துகின்றார். 'பயன் என்பது யாருடைய பயன்?' என்று மெய்யியலார் கேட்கின்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒருநாள் இருக்க விரும்பும் தாய்க்கு அந்த ஒருநாளே பயன். ஒரே சொல்லை மூவர் மூன்று பொருளில் ஆளும்போது, அதனைக் கண்டு நிறுத்திக் கேட்பவரே அக்கூட்டத்தில் பேருதவி செய்பவர். சொல்லின் பொருளை வரையறுத்தல் இலக்கண வகுப்போடு முடிந்துவிடும் வேலையன்று.

சியாட்டில் வினா ஐம்பத்தெட்டு ஆண்டுக்குப்பின் அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்தது. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் கொரோனா நோய் முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது சியாட்டிலுக்கு அண்மையில்தான். மார்ச்சுக்குள் நாடெங்கும் சுவாசப் பொறிகள் போதாமற் போகுமோ என்னும் அச்சம் எழ, யாருக்கு முதலில் பொறி என்று மாநிலங்கள் தம் பழைய திட்டங்களைத் தூசி தட்டி எடுத்தன. அலபாமா 2010-இல் வகுத்திருந்த திட்டத்தில், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறையுடையோர்க்குச் சுவாசப் பொறி வழங்காமல் விடலாம் என்னும் குறிப்பு இருந்தது. வல்லுநர் எழுதிய திட்டம்தான். உடற்குறை, அறிவுக்குறை உடையோரின் உரிமைக்குப் பாடுபடும் அமைப்பினர் நடுவண் அரசின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் முறையிட்டனர். 2020 ஏப்ரலில் அலபாமா அத்திட்டத்தைக் கைவிட்டது.